இரண்டு போல்ட்டில் பதினோரு மூட்டை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் முன்பக்கம் இடம் கிடைத்தால் ஓட்டுநரின் இடது கையைக் கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவு நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கை கியர் கம்பியைப் பிடித்திருக்கும். எஞ்சின் திணறிய பிறகு கியரைக் குறைப்பவர் மலைக்குப் புதியவர். பழகியவர் ஓசையைக் கேட்டே, திணறுவதற்கு ஒரு கணம் முன்னால் குறைத்துவிடுவார். ‘இழுவை விட்டுப்போகக் கூடாது’ என்பது ஜவ்வாது மலைப்பாதையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. அது நன்றாக மூச்சுவிடும் சுற்று வேகம் என்று ஒன்று உண்டு. பேருந்து எஞ்சினுக்கு அது தாழ்ந்த சுற்றில் இருக்கிறது, பந்தயக் கார் எஞ்சினுக்கு உயர்ந்த சுற்றில். பந்தயக் கார் ஒன்றைத் தம் கையாலேயே கட்ட விரும்புகிறவர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியதும் அந்தச் சுற்றுதான். பிஸ்டன், கேம் ஷாஃப்ட், வால்வு ஸ்பிரிங், கனெக்டிங் ராட், ஆயில் சம்ப் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குக் கட்டுப்பட்டவை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணைக் கவரும் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துவிட்டு, கடைசியில் எஞ்சின் எத்தனை சுற்றைத் தாங்கும் என்று யோசிக்கிறார்கள்.

சோழவரத்திலிருந்து ஒரு சிறிய எஞ்சின்

இந்தியாவில் மோட்டார் பந்தயத்தின் வரலாற்றை எழுதினால் அதில் பாதி தமிழ்நாட்டு மண்ணில் நடக்கும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைத்த விமான ஓடுதளம் பல ஆண்டுகள் பந்தயக் களமாக இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே போட்டிகளை நடத்தியது. பிறகு அதே கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்துக்குச் சொந்தமாகப் பந்தயப் பாதை அமைத்தது. 1990 முதல் அங்கே கார்கள் ஓடுகின்றன.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்றை வரவழைக்கப் பெரும் பணம் வேண்டும். உதிரிபாகம் உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். தொழில் குடும்பத்தில் பிறந்த அவர் தாமே பந்தய ஓட்டுநர், தாமே வடிவமைப்பாளர். 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைக் காரில் வைத்தது மாருதி 800 காரின் அதே 796 சி.சி. எஞ்சின். மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத சக்தி. காகிதத்தில் பார்த்தால் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுக்க அதில் எதுவுமே இல்லை.

ஆனால் அந்த எஞ்சினுக்கு ரிங், கேஸ்கட், பேரிங் எல்லாம் போளூர் போன்ற சிற்றூரிலும் கிடைத்தன. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருந்தார். போட்டியாளர்கள் எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணப்பையை மீறித் திறமை முன்னே வந்தது. நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையை ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005-ல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கருண் சந்தோக்கும் அந்தச் சின்னக் காரில் பந்தயம் பழகியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது. உடைந்தால் நாளைக் காலையில் மாற்ற முடிகிற பாகத்தைத் தேர்ந்தெடு என்ற அவருடைய தேர்வைக் காட்டிலும் நல்ல பொறியியல் பாடத்தை ஓர் அமெச்சூருக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

போளூரில் ஓர் இளைஞர், பழைய மாருதி 800 எஞ்சின் ஒன்றை வைத்துக்கொண்டு பந்தயக் கார் கட்ட முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் லேத் பட்டறை இருக்கிறது. கையில் இருக்கும் பணம் குறைவு. எங்கே தொடங்குவது?

முதல் உதிரிபாகம் ஒரு புத்தகம்

போட்டியின் விதிப்புத்தகத்தில்தான். எந்தப் பிரிவில் ஓடப் போகிறோம், கேம் ஷாஃப்டை மாற்றலாமா, கார்புரேட்டரைத் தொடலாமா, சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைச் சீவலாமா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். விதி தடுக்கும் பாகத்துக்குச் செலவழித்த பணம் திரும்பி வராது.

அடுத்தது அந்த எண். மாருதி 800 எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 5,500 சுற்றில் தன் முழு சக்தியைத் தரும்படி அமைந்தது. நம் இளைஞருக்கு 8,000 சுற்று வேண்டும் என்று ஆசை. அது நியாயமான ஆசையா?

இதற்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல், பிஸ்டனின் சராசரி வேகம். ஒரு சுற்றில் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. மாருதி 800-ல் பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 72 மி.மீ. ஆக ஒரு சுற்றுக்கு 144 மி.மீ. பயணம். 5,500 சுற்றில் இது நொடிக்கு 13.2 மீட்டர். 8,000 சுற்றில் 19.2 மீட்டர்.

ஒப்பிட்டுப் பார்க்க, கல்லூரி மாணவர்கள் கட்டும் பந்தயக் கார்களில் அதிகம் காணப்படும் கேடிஎம் 390 பைக்கின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரே சிலிண்டர், 373 சி.சி., ஸ்ட்ரோக் 60 மி.மீ. அது 9,500 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் வேகம் நொடிக்கு 19 மீட்டர். 18,000 சுற்றில் அலறிய ஃபார்முலா ஒன் கார்களின் 2.4 லிட்டர் எஞ்சினில் ஸ்ட்ரோக் ஏறத்தாழ 40 மி.மீ. மட்டுமே, ஆகவே பிஸ்டன் வேகம் 24 மீட்டர். உலகின் மிக விலையுயர்ந்த உலோகங்களும் அத்தனை பொறியாளர்களும் சேர்ந்து எட்டியது ஏறத்தாழ அவ்வளவுதான். நம் இளைஞர் 8,000 சுற்று கேட்கும்போது, குடும்பக் காருக்காகச் செய்த பாகங்களிடம் அந்த பைக்கின் உழைப்பைக் கேட்கிறார். முடியாதது இல்லை. ஆனால் எந்தப் பாகம் முதலில் தோற்கும் என்று தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

பதினோரு மூட்டை நெல்

பிஸ்டன் மேலே போய் நின்று, திசை மாறி, கீழே வர வேண்டும். அந்த ஒரு கணத்தில் அதைப் பிடித்து இழுத்து நிறுத்துவது கனெக்டிங் ராட். பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்து கால் கிலோ இருக்கும் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கையில் எடுத்தால் ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவுக்குத்தான் கனக்கும். 5,500 சுற்றில் அதைத் திருப்புவதற்கு ராட் ஏறத்தாழ 400 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். 75 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் ஐந்து மூட்டை நெல்லுக்கும் மேல். 8,000 சுற்றில் அதே கொய்யாப்பழம் 840 கிலோ விசை கேட்கும். பதினோரு மூட்டை. மாருதி 800 காரின் மொத்த எடையே அதற்குக் கீழேதான்.

சுற்று ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. விசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் வரும் விளைவு இது. எஞ்சின்களில் ‘கொஞ்சம் கூட’ என்ற பேச்சு ஆபத்தானதாக இருப்பதற்கு இந்த இருமடிதான் காரணம்.

இந்தப் பாரத்தைத் தாங்குவது யார்? ராடின் அடிப்பாகத்தையும் மூடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டே போல்ட். அதிலும் எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சிக்கு வரும் கணம்தான் மிக மோசமானது. எரியும் வாயு மேலிருந்து அழுத்தினால் அந்த அழுத்தம் இழுப்பை ஓரளவு ஈடுகட்டும். புகைபோக்கும் ஏற்றத்தில் அந்த ஆதரவும் இல்லை. 8,000 சுற்றில் இது நொடிக்கு 67 தடவை நடக்கிறது.

போல்ட் அறுந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே இழுப்பு அல்ல. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சில தடவையில் துண்டாகிறதே, அந்தக் களைப்புதான் காரணம். இதைத் தடுக்கும் வழி அழகானது. வெளியிலிருந்து வரும் இழுப்பைவிட அதிகமான இறுக்கத்தோடு போல்ட்டை முன்கூட்டியே முறுக்கி வைத்துவிட்டால், மூட்டு வாய் திறக்கவே திறக்காது. வெளியே விசை ஏறி இறங்கினாலும் போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசை மிகச் சிறிதளவே மாறும். இறுக்கம் குறைந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் மூட்டு திறந்து மூடி, போல்ட் கட்டுக்கம்பியின் கதிக்கு ஆளாகும்.

ஆகவே, ஒருமுறை முழு இறுக்கம் பார்த்த பழைய ராட் போல்ட்டை மீண்டும் போடாதீர்கள். டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலையடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது, மீதிதான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துரு இருந்தால் அந்த மீதியும் சுருங்கும். மைக்ரோமீட்டரால் போல்ட்டின் நீளத்தை முறுக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதே நம்பகமான முறை. எஞ்சினில் செலவழிக்கும் முதல் ரூபாய் போக வேண்டிய இடம் ஒவ்வொரு ராடிலும் உள்ள இந்த இரண்டு போல்ட்.

அடுத்து எடைப் பொருத்தம். மூன்று பிஸ்டன்களும் மூன்று ராடுகளும் ஒன்றுக்கொன்று சம எடையில் இருக்க வேண்டும். 8,000 சுற்றில் ஒரு கிராம் வித்தியாசம் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட விசையாக மாறி, ராடுகள் சுழற்றும் கிராங்கை உலுக்கும். இதற்கு வெளிநாட்டு இயந்திரம் எதுவும் தேவையில்லை. நகைக்கடைத் தராசு போதும், அரமும் பொறுமையும் போதும். கனமான ராடில், அதன் தயாரிப்பாளர் எடை குறைப்பதற்கென்றே விட்டிருக்கும் மேட்டில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும்.

பிஸ்டனில் வார்ப்பா, அடித்து உருவாக்கியதா என்ற கேள்வி வரும். அடித்து உருவாக்கிய பிஸ்டனில் உலோகத்தின் இழை ஒழுங்காக இருக்கும், திடீர் அடியைத் தாங்கும். ஆனால் அந்த அலுமினியக் கலவைகளில் பல சூட்டில் அதிகம் விரிபவை. 68.5 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் ஒவ்வொரு 100 டிகிரிக்கும் சுமார் 0.15 மி.மீ. விரியும், வார்ப்பிரும்புச் சுவர் அதில் பாதிதான் விரியும். ஆகவே அந்தப் பிஸ்டனுக்கு இடைவெளி கூடுதலாக விட்டு போர் செய்ய வேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்காமல் சிலிண்டரைப் போர் செய்யக் கொடுப்பது தவறு. பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்றபடி சிலிண்டரைத் தீட்டுவதுதான் முறை. நம் இளைஞர் 7,000 சுற்றோடு நிறுத்திக்கொண்டால், தரமான வார்ப்புப் பிஸ்டனே போதுமானதாக இருக்கலாம். மிச்சமாகும் பணத்துக்கு இன்னும் நல்ல வேலை இருக்கிறது.

காற்றுக்கு வழி

சக்தி என்பது இழுவையைச் சுற்றால் பெருக்கிக் கிடைப்பது. சுற்று ஏறினாலும் சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் காற்றை நிரப்பிக்கொண்டால் சக்தி கூடும். ஆனால் அதற்கு நேரம்? 6,000 சுற்றில் கிராங்க் ஒருமுறை சுற்ற ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். 8,000 சுற்றில் அதிலும் முக்கால் பங்குதான். அந்த நேரத்துக்குள் வால்வு திறந்து, காற்று ஓடி வந்து, வால்வு மூட வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்றைத்தான் ஊற்ற முடியாது.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் வேலை இங்கே வருகிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடி வரும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், பிஸ்டன் எதிரே வந்தாலும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். பந்தயக் கேம் இந்த நேரத்தை இன்னும் நீட்டுகிறது. உயர்ந்த சுற்றில் அது வரம். தாழ்ந்த சுற்றிலோ காற்றுக்கு அந்த உந்தம் இல்லை, பிஸ்டன் ஏறும்போது உள்ளே வந்த காற்றையே திருப்பித் தள்ளிவிடும். இப்படிப்பட்ட எஞ்சினை மலைப்பாதையில் ஏற்றினால் கொண்டை ஊசி வளைவில் உயிர் போய்விடும். பந்தயப் பாதையிலும் அதேதான். கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற குறுகிய, வளைவு நிறைந்த பாதையில் ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கும் என்று கியர் விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தச் சுற்றில் இழுக்காத கேம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் நமக்கு உதவாது.

கேமை மாற்றினால் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டி வரும். கேமின் மேட்டைத் தாண்டியதும் வால்வைக் கேமின் மேற்பரப்போடு ஒட்டியே மூடவைப்பது ஸ்பிரிங்தான். சுற்று மிகுந்தால் ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வால்வு அந்தரத்தில் மிதக்கும். மிதக்கும் வால்வை ஏறி வரும் பிஸ்டன் முட்டினால் எஞ்சின் முடிந்தது. அதற்காக மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் கேமின் மேடு தேய்ந்துபோகும். தேர்ந்தெடுத்த சுற்றுக்கு மேலே ஒரு சிறு பாதுகாப்பு வரம்பு, அவ்வளவு பலம் போதும்.

காற்று வரும் குழாயின் நீளத்துக்கும் சுற்றோடு உறவு உண்டு. நாகஸ்வரத்தில் திமிரி குட்டை, அதன் சுருதி உயர்ந்தது. பாரி நீளம், அதன் சுருதி தாழ்ந்தது. எஞ்சினின் உள்குழாயும் ஒரு நாகஸ்வரமே. வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயின் வாய்வரை போய், திரும்பி வருகிறது. வால்வு மூடும் தறுவாயில் அந்த அலை வந்து சேர்ந்தால், இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே நெட்டித் தள்ளும். 35 செ.மீ. குழாயில் அலை போய் வர ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்தில் கிராங்க் 8,000 சுற்றில் ஏறத்தாழ 97 டிகிரி திரும்பிவிடும், 4,000 சுற்றில் 48 டிகிரிதான். ஒரே குழாய் இரண்டு சுற்றுக்கும் சுருதி சேராது. உயர்ந்த சுற்றுக்குக் குட்டைக் குழாய், தாழ்ந்த சுற்றுக்கு நீண்ட குழாய். எவர்சில்வர் குழாயை வெட்டி ஒட்டிப் பரிசோதிக்க வசதியான இடம் இது, செலவும் குறைவு.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டிக்குக் கார் கட்டும் மாணவர்களுக்கு வேறொரு சோதனை உண்டு. எஞ்சின் 710 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும். துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக வராது. நொடிக்குச் சுமார் 74 கிராம் காற்று, அதுதான் உச்சவரம்பு. 600 சி.சி. எஞ்சின் 12,000 சுற்றை நெருங்கும்போது இந்த வரம்பில் முட்டிக்கொள்ளும். 373 சி.சி. எஞ்சினுக்குச் சராசரியாக அதில் பாதிகூடத் தேவைப்படாது. பிறகு ஏன் அந்தச் சின்ன எஞ்சினும் மூச்சுத் திணறுகிறது? ஒற்றைச் சிலிண்டர் தொடர்ந்து மூச்சிழுப்பதில்லை. நான்கு வீச்சில் ஒன்றில் மட்டும் ஒரேயடியாக உறிஞ்சி, மற்ற மூன்றிலும் சும்மா இருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் மெல்லியதாக வரும் வீட்டில் என்ன செய்கிறோம்? மொட்டைமாடியில் தொட்டி வைக்கிறோம். நாள் முழுவதும் மெல்ல நிரம்பியதைக் காலையில் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறோம். துளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாணவர்கள் வைக்கும் காற்றுப் பெட்டி செய்வது அதே வேலை. அந்தப் பெட்டியின் கொள்ளளவைச் சரியாகக் கணக்கிட்ட அணி, விலையுயர்ந்த கேம் வாங்கிய அணியை முந்திவிட முடியும்.

அழுத்தமும் எரிபொருளும்

கலவையை எத்தனை மடங்கு இறுக்கி எரிக்கிறோமோ அந்த அளவுக்கு எஞ்சின் வெப்பத்தை வேலையாக மாற்றும். ஆனால் அந்த லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. அழுத்த விகிதம் 9-லிருந்து 10.5-க்கு உயர்ந்தால், ஏட்டுக் கணக்கின்படி திறன் 4 சதவீதம் கூடுகிறது. நடைமுறையில் கிடைப்பது அதைவிடச் சற்றுக் குறைவு.

அந்த 4 சதவீதத்துக்கு என்ன விலை? மாருதியின் ஒரு சிலிண்டர் 265 சி.சி. விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 33 சி.சி. அதை 28 ஆக்க வேண்டும். ஹெட்டைச் சீவியே அதைச் செய்ய நினைத்தால் சுமார் 1.4 மி.மீ. போக வேண்டும். அவ்வளவு சீவினால் வால்வு பிஸ்டனுக்கு அருகே வந்துவிடும். டைமிங் பெல்ட் ஓடும் தூரம் குறைந்து, கேமின் நேரமும் நகர்ந்துவிடும். ஒரு பாகத்தில் கைவைத்தால் மூன்று பாகம் பதில் கேட்கும்.

அளந்து பார்க்கப் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட் போதும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, நடுவில் துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, எத்தனை சி.சி. மண்ணெண்ணெய் கொள்கிறது என்று பாருங்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள தூரத்துக்குக் குழந்தைகள் விளையாடும் களிமண். பிஸ்டன் மேல் ஒட்டி, எஞ்சினைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்தால் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரியும். உள்வால்வுக்கு 2 மி.மீ.யும், சூட்டில் நீளும் வெளிவால்வுக்கு 2.5 மி.மீ.யும் மிஞ்சியிருந்தால் நிம்மதி.

அழுத்தத்தின் எல்லையைத் தீர்மானிப்பது எரிபொருள். தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிட்டால் எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும். அந்தத் தட்டல் பிஸ்டனின் விளிம்பைக் கரைத்துவிடும். போளூரின் மே மாத வெயிலில், 40 டிகிரி காற்று உள்ளே போனால் ஆபத்து இன்னும் அருகில். அது மட்டுமல்ல, 25 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று ஏறத்தாழ 5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஹெட்டைச் சீவிப் பெற்ற 4 சதவீதத்தை, ரேடியேட்டருக்குப் பின்னால் காற்று வாங்கும் குழாய் ஒரு நொடியில் தின்றுவிடும். அந்தக் குழாயை வெளிக்காற்றுக்குத் திருப்பப் பத்து ரூபாய் வளையமும் ஒரு முழம் குழாயும் போதும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வரும் எத்தனால் தட்டலைத் தடுக்கும், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும். ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய அளவிலேயே கார்புரேட்டர் ஜெட்டை விட்டுவைத்தால் கலவை ஒல்லியாகி எஞ்சின் சுடும். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும்.

வளைவில் ஆயில்

அமெச்சூர் எஞ்சின்கள் நேர்பாதையில் சாவது குறைவு. பெரும்பாலும் வளைவில்தான் சாகின்றன.

பால்கேன் கட்டிய மொபெட் வளைவில் திரும்பும்போது உள்ளே பால் ஒரு பக்கமாக ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கார் வளைவில் திரும்பும்போது சம்ப்பில் உள்ள ஆயிலும் அப்படித்தான் ஏறும். பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். நல்ல டயர் போட்ட பந்தயக் காருக்கு அது எட்டக்கூடிய விசை. அந்தக் கணத்தில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் இருக்கும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள ஆயில் படலம் ஒரு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது அறுந்தால் உலோகத்தில் உலோகம் உரசும். ஒரு வளைவு தாங்கும், பத்து வளைவு தாங்கும், பதினோராவது வளைவில் ராட் அடிக்கத் தொடங்கும்.

இதற்கான மருந்து போளூர் பட்டறையிலேயே கிடைக்கும். சம்ப்பைக் கழற்றி, உறிஞ்சு குழாயைச் சுற்றித் தகடு வெட்டி நான்கு தடுப்புகள் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு தடுப்பிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவு. ஆயில் உள்ளே வரும், வெளியே போகாது. ஃபார்முலா ஒன் கார்கள் சம்ப்பையே ஒழித்து, ஆயிலைத் தனித்தொட்டியில் வைத்துக்கொள்கின்றன. நமக்கு அந்தச் செலவு தேவையில்லை, தகடும் வெல்டிங்கும் போதும். இந்தத் தடுப்பைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை, காரின் மேல் அதன் பெயரை ஒட்டுவதும் இல்லை. ஆனாலும் கேமுக்கு முன்பாக வாங்க வேண்டியது இதுதான்.

பணம் போக வேண்டிய வரிசை

விதியைப் படியுங்கள். பாதையையும் கியரையும் வைத்துச் சுற்றைத் தீர்மானியுங்கள். அந்தச் சுற்றில் எஞ்சின் உடையாமல் இருக்க வேண்டியதற்கு முதலில் செலவழியுங்கள்: ராட் போல்ட், பேரிங், எடைப் பொருத்தம், வால்வு ஸ்பிரிங், ஆயில் தடுப்பு, ரேடியேட்டர். அதன் பிறகு காற்றுக்கு வழி செய்யுங்கள்: குளிர்ந்த காற்றுக் குழாய், குழாயின் நீளம், ஹெட்டில் உள்ள வழிகளைச் சீராக்குதல், கேம். அழுத்த விகிதத்தைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் தாங்குவது, பிறகுதான் இழுப்பது.

இந்த வரிசை ஆசைக்கு எதிரானது என்பது எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் பளபளக்கும் பிஸ்டன் கண்ணில் நிற்கும், போல்ட் நிற்காது. ஆனாலும் போளூரைப் போன்ற ஊர்களில் லேத் பட்டறைகளிலும் பாலிடெக்னிக் வகுப்புகளிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பணக்காரர் உடைந்த எஞ்சினுக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கிவிடலாம். உங்களுக்கு ஒரே எஞ்சின். கணக்குப் போடுவதுதான் உங்கள் பணம். கோவையில் ஒருவர் நாற்பது குதிரைகூட இல்லாத எஞ்சினிலிருந்து ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கினார் என்றால், அது சரியாகத் தேர்ந்தெடுத்ததால் நடந்தது.

கார் தயாரானதும் ஜமுனாமரத்தூர் சாலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். அது பேருந்துக்கும் ஆட்டு மந்தைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் உரிய பாதை. ஆரணி, காஞ்சிபுரம் வழியாக வண்டியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கள். ஓடி முடித்துத் திரும்பிய பிறகு, வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. சம்ப்பைக் கழற்றி, ராட் பேரிங்குகளை எடுத்து, செய்தித்தாளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிலிண்டர் வரிசையில் அடுக்குங்கள். மூன்றும் ஒரே மாதிரி மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் உங்கள் கணக்கு சரி, அடுத்த போட்டிக்கு இன்னும் இருநூறு சுற்று கேட்டுப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கீறல் இருந்தால், அந்தச் சிலிண்டருக்கு ஆயில் போகும் வழியில் ஏதோ குறை இருக்கலாம். அடுத்து என்ன பாகம் வாங்க வேண்டும் என்பதை அந்தக் கீறலிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். எந்தச் சிலிண்டர், எத்தனை சுற்று, எந்த வளைவு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.